நெட்ரெக் ஆடுவது எப்படி: முதல் டார்பிடோ முதல் கடைசிக் கோள் வரை

நெட்ரெக் என்ற இணைய விண்வெளிப் போர் ஆட்டத்தில் புதிதாக நுழைபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆடுகிறார்கள். கண்ணில் பட்ட முதல் எதிரிக் கப்பலை நோக்கிப் பாய்கிறார்கள், சுடுகிறார்கள், வெடித்துச் சிதறுகிறார்கள், மறுபடி பிறந்து வந்து மறுபடியும் பாய்கிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து அவர்களுடைய அணி தோற்றிருக்கும். ஏன் தோற்றோம் என்பது அவர்களுக்குப் புரிந்திருக்காது. சண்டையில் நன்றாகத்தானே சுட்டோம் என்று நினைப்பார்கள்.

இந்த ஆட்டத்தில் வெற்றியைத் தீர்மானிப்பது கோள்களின் மேல் நிற்கும் படைகள். எதிரிக் கப்பலைச் சுட்டு வீழ்த்துவது அந்தப் படைகளை நகர்த்துவதற்கான அனுமதிச் சீட்டு மட்டுமே. இதைப் புரிந்துகொண்டவர் சுமாராகச் சுட்டாலும் அணிக்குப் பயன்படுவார். புரியாதவர் எவ்வளவு கூர்மையாகச் சுட்டாலும் அணிக்குச் சுமைதான். இந்த வழிகாட்டி முழுவதும் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான்.

எங்கிருந்து வந்த ஆட்டம்

1973இல் அமெரிக்காவின் அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜான் டலெஸ்கி என்ற மாணவர் பிளேட்டோ கணினி வலையமைப்பில் 'எம்பயர்' என்ற விண்வெளிப் போர் ஆட்டத்தை உருவாக்கினார். அந்த வம்சத்தில் 1986இல் பெர்க்லியில் கிறிஸ் குத்ரியும் எட் ஜேம்ஸும் எழுதிய 'எக்ஸ்ட்ரெக்' வந்தது. அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரே கணினி எல்லாக் கணக்கையும் போட்டு, எல்லா ஆட்டக்காரர்களின் திரையிலும் படத்தையும் தானே வரைய வேண்டியிருந்தது. உள்ளூர் வலையமைப்பைத் தாண்டினால் ஆட்டம் மூச்சுத் திணறும்.

எண்பதுகளின் இறுதியில் அதே பெர்க்லியில் ஸ்காட் சில்வி, கெவின் ஸ்மித் ஆகியோர் இதை இரண்டாகப் பிரித்தார்கள். கணக்குப் போடுவது சர்வரின் வேலை, படம் வரைவது ஆட்டக்காரரின் கணினியில் இருக்கும் கிளையன்ட் மென்பொருளின் வேலை. இடையில் போய்வருவது சின்னச் சின்னத் தகவல் துணுக்குகள் மட்டும். அதுதான் நெட்ரெக். தொண்ணூறுகளில் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கணினி அறைகளில் இரவு முழுக்க இந்த ஆட்டம் ஓடியது. இணையம் வழியாக அணியாகச் சேர்ந்து ஆடும் ஆட்டங்களில் இது முன்னோடி. மூல நிரல் திறந்தே இருப்பதால் இன்றும் உயிரோடு இருக்கிறது, காசு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

நிறுவுதல், உள்ளே நுழைதல்

விண்டோஸ் கணினிக்கு 'நெட்ரெக் எக்ஸ்பி', லினக்ஸுக்கு 'கவ்' ஆகியவை பரவலாகப் பயன்பட்ட கிளையன்ட்கள். மூன்று பொத்தான் மவுஸ் அவசியம். மடிக்கணினியின் தொடுபலகையில் ஆட முயன்றால் வெறுப்புதான் மிஞ்சும். கிளையன்டைத் திறந்ததும் மெட்டாசர்வர் ஒரு பட்டியல் தரும். எந்தெந்த சர்வர் ஓடுகிறது, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அதில் தெரியும். ஆட்கள் இருக்கும் சர்வரைச் சொடுக்குங்கள். சில சர்வர்கள் அங்கீகரிக்கப்பட்ட கிளையன்டை மட்டுமே அனுமதிக்கும். தானே குறிபார்த்துச் சுடும் மென்பொருளைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆகவே நிரலை நீங்களே மாற்றித் தொகுத்துக்கொண்டு போனால் வாசலிலேயே நிறுத்திவிடும்.

ஒரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் உங்கள் புள்ளிவிவரங்கள் அந்தப் பெயரில் சேரத் தொடங்கும். என்சைன் என்ற கடைநிலைப் பதவியிலிருந்து அட்மிரல் வரை ஏறலாம். முதல் சில நாட்களுக்கு 'கெஸ்ட்' என்ற பெயரில் போவதே நல்லது. பதவிக் கவலை இல்லாமல் பழகலாம்.

அடுத்து அணி தேர்வு. மண்டலம் ஒரு பெரிய சதுரம், அதில் நான்கு கால்பகுதிகள், ஒவ்வொன்றும் ஓர் இனத்துடையது. கீழ் இடதுபுறம் ஃபெடரேஷன், மேல் இடதுபுறம் ரோமுலன், மேல் வலதுபுறம் கிளிங்கான், கீழ் வலதுபுறம் ஓரியன். ஒவ்வோர் இனத்துக்கும் பத்துக் கோள்கள், ஆக மொத்தம் 40. வேகா, சிரியஸ், ஸ்பைகா, அன்டாரெஸ் என்று பெரும்பாலும் நம் வானத்தில் இருக்கும் நட்சத்திரங்களின் பெயர்கள்தான். ஆனால் நான்கு இனமும் ஒரே சமயத்தில் மோதுவதில்லை. இரண்டு அணிகள், அணிக்கு அதிகபட்சம் எட்டுப் பேர். இரு பக்கமும் குறைந்தது நான்கு பேர் சேர்ந்ததும் 'டி மோட்' என்ற போட்டி நிலை தொடங்கும். அதற்குப் பிறகு நடப்பதுதான் உண்மையான ஆட்டம். ஆள் குறைவாக இருக்கும்போது சில சர்வர்களில் ரோபோக்கள் இடத்தை நிரப்பும். அவற்றோடு மோதிச் சுடும் கையைப் பழக்கிக்கொள்ளலாம், அணி ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள முடியாது.

திரையைப் படிப்பது

இரண்டு சதுரங்கள் தெரியும். இடப்பக்கம் போர்க்களம்: உங்கள் கப்பல் எப்போதும் நடுவில், சுற்றியுள்ள 20,000க்கு 20,000 அலகு பரப்பு. வலப்பக்கம் முழு மண்டலம்: ஒரு லட்சத்துக்கு ஒரு லட்சம் அலகு. கீழே ஆட்டக்காரர் பட்டியலும் செய்திகளும். ஒவ்வொரு கப்பலும் அணியின் முதல் எழுத்தோடு ஓர் எண்ணோ எழுத்தோ சேர்ந்து குறிக்கப்படும்.

கண் தானாக இடப்பக்கம்தான் போகும். அங்கேதான் வெடிப்பும் வெளிச்சமும். ஆனால் தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தால், அவருடைய பார்வை பாதி நேரம் வலப்பக்க வரைபடத்தில் இருப்பது தெரியும். யார் எந்தக் கோளை நோக்கிப் போகிறார்கள், எந்த எதிரி திடீரென்று காணாமல் போனான், எந்தக் கோளில் படை சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கிறது. சண்டையில் இல்லாத ஒவ்வொரு நொடியும் வலப்பக்கம் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

கப்பல் ஓட்டுவது

வலது பொத்தான் திசை திருப்பும், இடது பொத்தான் டார்பிடோ, நடுப் பொத்தான் ஃபேசர் என்ற கதிர் ஆயுதம். எண் விசைகள் வேகம். எஸ் விசை கேடயத்தை ஏற்றி இறக்கும். இவ்வளவு போதும், களத்தில் இறங்கிவிடலாம்.

வேகம் கூடக் கூடத் திரும்பும் வளைவு அகலமாகும். முழு வேகத்தில் ஓடும் கப்பலைச் சட்டென்று திருப்ப முடியாது, எதிரிக்கு அது எங்கே இருக்கும் என்பது முன்பே தெரிந்துவிடும். சண்டையில் நடுத்தர வேகத்தில் வளைந்து வளைந்து போவதே பாதுகாப்பு. கேடயம் ஏறியிருக்கும் ஒவ்வொரு கணமும் எரிபொருள் கரையும். ஆகவே ஆளில்லாத இடத்தில் இறக்கியே வையுங்கள். அதோடு, கேடயம் இறங்கியிருந்தால்தான் கப்பல் உடம்பின் சேதம் ஆறும்.

கப்பல் வகைகள் ஆறு. ஸ்கவுட் மிக வேகமானது, வார்ப் 12 வரை போகும் (வார்ப் என்பது வேக அளவு), ஆனால் இரண்டு படைகளுக்கு மேல் ஏற்ற முடியாது, இரண்டு அடி விழுந்தாலே உடைந்துபோகும். டிஸ்ட்ராயர் வார்ப் 10. க்ரூஸர் வார்ப் 9, கேடயம் 100, உடம்பு 100, எரிபொருள் 10,000. பேட்டில்ஷிப் தடிமனானது, மெதுவானது. அசால்ட் ஷிப் கோள் பிடிக்கவும் குண்டு போடவும் செய்யப்பட்டது: உடம்பு 200, ஆயுதம் பலவீனம். ஸ்டார்பேஸ் தனிக் கதை, பிறகு வருகிறேன்.

முதல் பல வாரங்களுக்குச் சண்டைக்கு க்ரூஸரைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். பேட்டில்ஷிப்பின் வலிமையைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் உண்டு. அதை எடுத்தால் தேவைப்படும் இடத்துக்கு எப்போதும் தாமதமாகத்தான் போய்ச் சேருவீர்கள்.

சுடுவது

க்ரூஸரின் ஃபேசர் எட்டும் தூரம் 6,000 அலகு. மூக்கோடு மூக்கு நின்று அடித்தால் சேதம் 100. தூரம் கூடக் கூட ஒரே சீராகக் குறைந்து 3,000 அலகில் 50 ஆகி, 6,000இல் ஒன்றுமில்லாமல் போகும். போர்க்களச் சதுரத்தின் நடுவிலிருந்து விளிம்புவரை 10,000 அலகு. ஆக, பாதி வழிக்கு அப்பால் இருப்பவனை ஃபேசரால் அடிப்பது எரிபொருளைக் கொட்டுவதற்குச் சமம். ஒரு ஃபேசருக்கு 700 எரிபொருள். முழு டேங்கில் பதினான்கு முறை அடித்தால் கையிருப்பு தீர்ந்தது.

டார்பிடோவுக்கு 280 எரிபொருள், நேரடியாகப் பட்டால் 40 சேதம். ஒரே நேரத்தில் எட்டு டார்பிடோக்கள் வரை பறக்கவிடலாம். அது நேர்கோட்டில்தான் போகும். ஆகவே எதிரி இப்போது இருக்கும் இடத்தைப் பார்த்துச் சுடாதீர்கள், டார்பிடோ போய்ச் சேரும்போது அவன் இருக்கப்போகும் இடத்தைப் பார்த்துச் சுடுங்கள். எட்டையும் ஒரே இடத்தில் கொட்டுவதைவிட, அவன் வளையக்கூடிய இரண்டு பக்கமும் சிதறவிட்டு வழியை அடைப்பது மேல். ஒதுங்க இடமில்லாமல் அவன் நெருங்கிவரும் கணத்தில் ஃபேசர். க்ரூஸர் ஒன்றின் கேடயமும் உடம்பும் சேர்ந்து 200 என்றால், மூன்று டார்பிடோவும் மிக அருகில் ஒரு ஃபேசரும் கணக்கை முடித்துவிடும்.

எதிரியின் டார்பிடோக்கள் நெருங்கும்போது டெட்டனேட் செய்யலாம். அதாவது அவற்றை முன்கூட்டியே வெடிக்க வைக்கலாம். உரசும் தூரத்துக்கு வரும்வரை காத்திருந்தால் முழு அடியும் விழும். சற்றுத் தள்ளி இருக்கும்போதே வெடிக்க வைத்தால் சிராய்ப்போடு போகும். இந்த நேரக் கணிப்பு விரலுக்கு வந்துவிட்டால் உங்கள் ஆயுள் இரட்டிப்பாகும்.

இன்னொன்று. வெடிக்கும் கப்பல் பக்கத்தில் இருப்பவரையும் அடிக்கும். க்ரூஸர் வெடித்தால் ஒட்டி நிற்பவருக்கு 100 வரை சேதம். சாகும் தறுவாயில் இருக்கும் எதிரியின் மேல் ஏறி நிற்காதீர்கள், நண்பரின் மேலும் நிற்காதீர்கள்.

ஆயுதச் சூடு, எஞ்சின் சூடு என்று இரண்டு அளவுகள் கீழே ஓடும். நூறைத் தாண்டினால் எந்த நேரமும் முடங்கலாம். அவ்வளவு தெரிந்தால் போதும்.

படை, குண்டு, கில்: ஆட்டத்தின் கணக்கு

இனிதான் நெட்ரெக். கோள்களில் படைகள் தாமாகப் பெருகும். சில கோள்கள் வேளாண் கோள்கள், அங்கே வேகமாகப் பெருகும். சில கோள்களில் எரிபொருள் நிரம்பும், சிலவற்றில் பழுது விரைவாகச் சரியாகும். கோளைச் சுற்ற வார்ப் 2 அல்லது அதற்குக் கீழே வேகத்தைக் குறைத்து, அருகில் போய் ஓ விசையை அழுத்த வேண்டும்.

எதிரிக் கோளைச் சுற்றிக்கொண்டு பி விசையை அழுத்தினால் குண்டு விழும், படை குறையும். ஆனால் ஒரு வரம்பு உண்டு: ஐந்துக்குக் கீழே இருக்கும் படையைக் குண்டால் தொட முடியாது. ஒரு குண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட படை அழியலாம் என்பதால் கடைசிக் குண்டு நாலுக்கும் கீழே கொண்டுபோகலாம், அதற்கு மேல் இறங்காது. மறுபுறம், சொந்தக் கோளிலிருந்து படை ஏற்றும்போதும் நாலு படை கோளிலேயே நின்றுவிடும். ஐந்தாவதிலிருந்துதான் ஏற்ற முடியும்.

இந்த இரண்டு விதியையும் சேர்த்துப் பாருங்கள். எதிரியின் கோள்கள் எல்லாவற்றிலும் நாலோ அதற்குக் குறைவோ படை மட்டும் இருக்கும்படி குண்டு போட்டுக்கொண்டே இருந்தால், அவர்கள் ஏற்றுவதற்கு ஒரு படைகூட இருக்காது. எத்தனை கில் (அதாவது சுட்டு வீழ்த்திய கப்பல்) வைத்திருந்தாலும் கை வெறுங்கை. குண்டு போடுவது அலுப்பான வேலை, யாரும் பாராட்ட மாட்டார்கள், அதனால் யாரும் செய்ய மாட்டார்கள். அதைச் செய்பவர் இருக்கும் அணிதான் ஜெயிக்கிறது. புதியவர் ஒருவர் முதல் நாளே அணிக்கு உதவ வேண்டுமென்றால் இதைவிட நல்ல வழி கிடையாது. சண்டையைத் தவிர்த்து எதிரியின் பின்பக்கக் கோள்களுக்கு ஓடுங்கள், படை சேர்ந்த கோளாகப் பார்த்துக் குண்டு போடுங்கள், துரத்தினால் அடுத்த கோளுக்கு ஓடுங்கள். செத்தால் உங்கள் தாய்க்கோளில் உடனே புதுக் கப்பல் கிடைக்கும். கில் எதுவும் இல்லாத நேரத்தில் சாவுக்கு விலையே இல்லை. துரத்த வந்த இரண்டு எதிரிகளை முன்னணியிலிருந்து நீங்கள் இழுத்து வந்துவிட்டீர்கள் என்பதே லாபம்.

ஒரு கோளின் மேல் படை எத்தனை இருக்கிறது என்பது உங்கள் அணியில் ஒருவர் அங்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும், பிறகு அந்தத் தகவல் பழையதாகிக்கொண்டே போகும். குண்டு போடப் போகிறவர் ஒற்றரும்தான்.

ஒரு கில்லுக்கு இரண்டு படை ஏற்றலாம், அசால்ட் ஷிப்பில் மூன்று. நீங்கள் இறந்தால் கில் கணக்கு சுழியத்துக்குத் திரும்பிவிடும், ஏற்றிய படையும் போய்விடும். நாலு படை இருக்கும் எதிரிக் கோளைப் பிடிக்க எத்தனை வேண்டும்? நாலு படையை இறக்கினால் இருப்பவர்களோடு மோதி இரு பக்கமும் அழியும், கோள் யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கும். ஐந்தாவது படை இறங்கும்போதுதான் கொடி நடப்படும். ஆகவே க்ரூஸரில் இரண்டு கில் போதாது, மூன்று வேண்டும். ஆறு படை ஏற்றி ஐந்தை இறக்கினால் ஒன்று மிச்சம். அசால்ட் ஷிப்பில் இரண்டு கில்லே போதும். இரண்டு கில் எடுத்த பலரும் தாய்க்கோளுக்குத் திரும்பி அசால்ட் ஷிப்புக்கு மாறுவது இதனால்தான்.

படை ஏற்றிப் போவது

கபடியில் ரெய்டு போனவர் தொட்டதெல்லாம் கோட்டைத் தாண்டித் திரும்பினால்தான் புள்ளி. படை ஏற்றியவரின் நிலையும் அதுதான், இறக்கி முடிக்கும்வரை எதுவும் கணக்கில் இல்லை.

படிகள் இவை. கில் கிடைத்ததும் சண்டையிலிருந்து விலகுங்கள். இதுதான் எல்லோருக்கும் கடினம். இன்னொருவனையும் வீழ்த்திவிடலாம் என்று கை துடிக்கும். மூன்று கில்லோடு இருக்கும் கப்பல் அணியின் சொத்து, அதைச் சூதில் வைக்காதீர்கள். எரிபொருள் கோளுக்குப் போய் டேங்கை நிரப்புங்கள், பழுதைச் சரிசெய்யுங்கள். பிறகு படை சேர்ந்த கோளைச் சுற்றி இசட் விசையை அழுத்தி ஏற்றுங்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் குண்டு போடும்போதும் கேடயம் இறங்கிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

அணிக்குச் சொல்லுங்கள். பெரிய எஃப் விசையை அழுத்தினால் நீங்கள் எத்தனை படை வைத்திருக்கிறீர்கள் என்ற செய்தி அணிக்கு மட்டும் போகும். எந்தக் கோளுக்குப் போகிறீர்கள் என்றும் எழுதுங்கள். அப்போதுதான் துணைக்கப்பல் வரும். துணை வருபவர் உங்களுக்குச் சற்று முன்னால், இலக்கு கோளுக்கும் எதிரிக்கும் நடுவில் போய் நிற்பார். அவருடைய வேலை எதிரியைக் கொல்வதுகூட இல்லை, அவனைத் தாமதப்படுத்துவது. அவன் டார்பிடோவை இவர் டெட்டனேட் செய்வார், அவனை டிராக்டர் கதிரால் பிடித்து இழுப்பார், தேவைப்பட்டால் அவனோடு சேர்ந்து வெடிப்பார்.

நெருங்கும்போது சி விசையால் மறையலாம். மறைந்திருக்கும்போது சுட முடியாது, எரிபொருளும் வேகமாகக் கரையும். வலப்பக்க வரைபடத்தில் உங்கள் இடத்தில் இரண்டு கேள்விக்குறிகள் எதிரிக்குத் தெரியும், ஆனால் துல்லியமாகத் தெரியாது. மறைந்தபின் நேராகப் போகாதீர்கள். மறைந்த இடத்திலிருந்து கோளுக்கு ஒரு கோடு கிழித்து அதன்மேல் எவரும் டார்பிடோ தூவுவார்கள். விலகிச் சென்று வேறு பக்கத்திலிருந்து வாருங்கள். கோளை அடைந்து சுற்றத் தொடங்கியதும் எக்ஸ் விசை. படைகள் ஒவ்வொன்றாக இறங்கும். அந்தச் சில நொடிகள்தான் நெட்ரெக்கின் உச்சம். இடப்பக்கத்தில் நான்கு கப்பல்கள் உங்கள் மேல் பாய்ந்துகொண்டிருக்கும், கோளின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருக்கும், பிறகு கோளின் நிறம் மாறும். நிறம் மாறியபின் செத்தாலும் கவலையில்லை.

எதிரி ஏற்றி வரும்போது

இதே கணக்கை எதிர்ப்பக்கத்திலிருந்து போடுங்கள். ஆட்டக்காரர் பட்டியலில் எதிரிகளின் கில் எண்ணிக்கை எல்லோருக்கும் தெரியும்படி இருக்கிறது. இரண்டு, மூன்று கில் வைத்திருப்பவன் எவன் என்று அடிக்கடி பாருங்கள். அவன் முன்னணியிலிருந்து திரும்பித் தன் பின்பக்கக் கோளுக்குப் போகிறானா? அங்கே சில நொடி நின்றானா? அப்படியானால் ஏற்றிவிட்டான். இனி அவன் எங்கே போனாலும் உங்கள் அணியில் ஒருவர் அவன் பின்னாலேயே இருக்க வேண்டும்.

அவனைக் கொல்வதற்கு உங்கள் கப்பலைக் கொடுக்கலாம். நெட்ரெக் மொழியில் இதற்கு 'ஆக்' என்று பெயர். மறைந்துபோய் அவன் மேலேயே ஏறி, வெளிப்பட்டு, ஃபேசரும் டார்பிடோவும் கொட்டி, உங்கள் கப்பலின் வெடிப்பையும் சேர்த்து அவனை எடுத்துப்போவது. கில் இல்லாத ஒரு கப்பலைக் கொடுத்து ஆறு படையை அழிப்பது எந்த நாளும் லாபம். அவன் இறந்ததும் செய்திப் பெட்டியில் அவன் பெயரோடு எத்தனை படை போனது என்பதும் சேர்ந்து வரும். அந்த ஒரு வரி வரும்போது அணி முழுவதும் ஆர்ப்பரிக்கும், அதற்கான தகுதி அதற்கு உண்டு.

ஆக் செய்பவர்கள் தனித்தனியாகப் போவதுதான் பரவலாகக் காணும் தவறு. முதல் ஆள் போய்ச் சாகிறார், எதிரியின் துணைக்கப்பல் மீண்டும் எரிபொருள் நிரப்பிக்கொள்கிறது, இரண்டாவது ஆள் போய்ச் சாகிறார். இருவரும் ஒரே நொடியில் இரண்டு பக்கத்திலிருந்து போயிருந்தால் வேலை முடிந்திருக்கும். சற்றுக் காத்திருந்து சேர்ந்து போங்கள்.

மறைந்து வருபவனைத் தேட, அவன் இறக்கக்கூடிய கோளின் அருகில் போய் நில்லுங்கள். எங்கெங்கோ துழாவுவதில் பயனில்லை, அவன் வந்தே ஆக வேண்டிய இடம் அந்தக் கோள். ஃபேசரை அந்தப் பக்கமாக அடித்துப் பாருங்கள். பட்டால் ஒளிக்கோடு போய் முடியும் இடத்தில் அவன் இருக்கிறான். பிறகு டார்பிடோக்களைக் கோளைச் சுற்றிக் கொட்டுங்கள்.

ஸ்டார்பேஸ்

அணிக்கு ஒன்றுதான். கேடயம் 500, உடம்பு 600, எரிபொருள் 60,000, வேகம் வார்ப் 2. நடமாடும் கோட்டை. நண்பர்கள் அதில் வந்து ஒட்டிக்கொண்டு எரிபொருள் நிரப்பலாம், பழுது சரிசெய்யலாம், 25 படைகள்வரை சேமித்து வைக்கலாம். முன்னணிக்கு அருகில் நின்றால் உங்கள் அணி சாகாமலே திரும்பத் திரும்பச் சண்டைக்கு வரலாம். அழிந்துவிட்டால் அடுத்தது கட்ட அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும், அந்த அரைமணியில் ஆட்டமே கை மாறலாம். பதவி உயராதவர்களுக்கு இதை ஓட்ட அனுமதி கிடைக்காது. அனுமதி கிடைத்த பிறகும், நல்ல ஸ்டார்பேஸ் ஓட்டுநர் ஒருவரை நீண்ட நாள் கவனித்துவிட்டே எடுங்கள்.

எதிரியின் ஸ்டார்பேஸை வீழ்த்த மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் ஆக் செய்ய வேண்டும். ஒருவர் அழைப்பு விடுவார், எல்லோரும் எரிபொருள் நிரப்பி ஒரே இடத்தில் கூடுவார்கள், அவர் சொன்னதும் மறைந்து கிளம்புவார்கள். அழைப்பு விடுபவர் யாராக இருந்தாலும் அவர் சொல்கேட்டுப் போங்கள். அவர் திட்டம் சுமாரானதாக இருக்கலாம். நான்கு பேர் சேர்ந்து செய்யும் சுமாரான திட்டம், ஒருவர் தனியாகச் செய்யும் அருமையான திட்டத்தைவிட ஸ்டார்பேஸுக்கு ஆபத்தானது.

பேசுவது

எம் விசையை அழுத்தி யாருக்கு என்று தேர்ந்து தட்டச்சு செய்யலாம். ஆனால் சண்டை நடுவில் தட்டச்சு செய்ய முடியாது. அதற்குத்தான் தயார் செய்திகள் இருக்கின்றன. பெரிய இ விசை ஓர் உதவிக் குரல்: கேடயம், சேதம், எரிபொருள், படை எல்லாவற்றையும் கிளையன்டே நிரப்பி அணிக்கு அனுப்பும். அதைப் படிக்கப் பழகுங்கள். எரிபொருள் பாதிக்கும் கீழே, படை ஆறு என்று ஒருவர் அனுப்பினால், 'நான் ஏற்றிவிட்டேன், தனியாகப் போனால் சேர மாட்டேன்' என்று பொருள். பக்கத்தில் இருப்பவர் சுடுவதை விட்டுவிட்டு அவரிடம் போக வேண்டும்.

எல்லோருக்கும் போகும் செய்தியில் திட்டத்தை எழுதிவிடாதீர்கள். எதிரியும் படிப்பான்.

நண்பர்களோடு தொடங்க

தொண்ணூறுகளின் கூட்டம் இன்று பொது சர்வர்களில் இல்லை. ஆகவே எட்டுப் பேர் இருந்தால் நீங்களே சர்வர் நடத்துவதே சிறந்த வழி. 'வெனிலா' என்று அழைக்கப்படும் சர்வர் மென்பொருள் லினக்ஸில் ஓடும், பழைய கணினியே போதும். ஆட்டக்காரர்கள் 2592 என்ற போர்ட் வழியாக இணைவார்கள். வெளியூர் நண்பர்களைச் சேர்ப்பதாக இருந்தால் அதைத் திறந்து வைக்க வேண்டும். நான்குக்கு நான்கு என்றால் டி மோட் தொடங்கப் போதுமான எண்ணிக்கை.

முதல் ஆட்டத்துக்கு வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். நால்வரில் ஒருவர் முழுநேரக் குண்டு, ஸ்கவுட்டில். அவர் எதிரியின் பின்பக்கத்தை விட்டு வெளியே வரவே கூடாது. இருவர் முன்னணியில் க்ரூஸரில் கில் சேர்ப்பார்கள். யாருக்கு முதலில் மூன்று கில் கிடைக்கிறதோ அவர் பின்வாங்கி ஏற்றுவார், மற்றவர் துணை. நான்காமவர் சொந்தக் கோள்களுக்கு நடுவில் நின்று, எதிரியின் குண்டு போடுபவனை விரட்டுவார், எதிரிகளின் கில் பட்டியலைப் பார்த்து எச்சரிப்பார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றிக்கொண்டால் எல்லோருக்கும் எல்லாம் பழகும்.

எதிரணியின் கையில் ஒரு கோள்கூட இல்லாமல் போகும்போது ஆட்டம் முடிகிறது. கடைசி இரண்டு மூன்று கோள்கள் மிகக் கடினம். எதிரிகள் எல்லோரும் ஒரே இடத்தில் பிறந்து ஒரே இடத்தைக் காப்பார்கள். அங்கே ஒரு கப்பலில் ஏற்றிப் போய்ப் பயனில்லை. இரண்டு பேர் ஏற்றிக்கொண்டு இரண்டு கோள்களுக்கு ஒரே சமயத்தில் போங்கள். காவல் பிரிய வேண்டிவரும், ஒருவராவது இறக்கிவிடுவார்.